விண்டோஸ் ஸ்டிக்கரும் வெள்ளிக்கிழமை ராகுகாலமும்

வெள்ளிக்கிழமை சங்கரன்கோவிலில் ஒரு காரியத்தைத் தொடங்குவதாக இருந்தால் காலை பத்தரைக்குள் தொடங்கிவிட வேண்டும். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். எபினேசர் அண்ணாச்சி சர்ச் கமிட்டி மெம்பர். ராகுவும் கேதுவும் அவருக்கு யாரோ. ஆனால் அவருடைய நாற்பது விசைத்தறிகளை ஓட்டுகிறவர்களுக்கு அப்படியில்லை. ராகுகாலத்தில் புதிதாக ஒரு பல்பு மாட்டினால்கூட, அன்று நூல் அறுவதெல்லாம் அந்தப் பல்பால்தான் என்பார்கள். அதனால் நாள்காட்டியில் அண்ணாச்சி முதலில் பார்ப்பதே ராகுகாலத்தைத்தான்.

அன்று வரவேண்டியவர் கபீர் பாய். கடையநல்லூர்க்காரர், கைலி வாங்கி வளைகுடாவுக்கு அனுப்புகிறவர். பத்து மணிக்கு வந்து பதினோரு மணிக்குக் கிளம்பினால்தான் சொந்த ஊரில் அவருக்கு ஜும்மா தொழுகை கிடைக்கும். ஆக பாய்க்கும் ராகுவுக்கும் நடுவில் எனக்கு மிஞ்சியது அரைமணி நேரம். அதற்குள் என் மென்பொருள் ஓடியாக வேண்டும். எந்தத் தறியில் எந்த டிசைன் ஓடுகிறது, எத்தனை மீட்டர் ஆகியிருக்கிறது என்று பாய் தன் போனிலேயே பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது.

ஓடினால், தனக்கு நெய்கிற மற்றப் பதினொரு தறிக்கூடங்களிலும் அதைப் போடச் சொல்வார். ஓடாவிட்டால் கோயம்புத்தூர் கம்பெனியைக் கூப்பிடுவார். நான் திங்கட்கிழமை சென்னையில் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். ஏதோ ஊர்ப்பாசம் என்று யாரும் கண் கலங்க வேண்டாம். இந்த ஊர் வெயிலை நேசிக்க எனக்கென்ன பைத்தியமா? அங்கே என்னைவிட இரண்டு வயது சின்னவன் ஒருவன் தினமும் காலை ஒன்பதரைக்கு 'ஸ்டேட்டஸ் என்ன பொன்செல்வி' என்று கேட்பான். இன்னொரு தடவை கேட்டால் கொலை விழும். அவ்வளவுதான் விஷயம்.

என் மென்பொருளைக் கண்டெய்னராகக் கட்டி பென்டிரைவில் நானும் என் கூட்டாளி பெத்துராஜும் கொண்டுபோயிருந்தோம். துறைமுகத்துப் பெட்டி இல்லை, இது கணினிக்குள் ஏற்றுகிற பெட்டி. மென்பொருளும் அதற்குத் தேவையான தட்டுமுட்டுச் சாமான்களும் ஒன்றாக உள்ளே இருக்கும். அடுப்பு மட்டும், அதாவது கணினியை ஓட்டுகிற விண்டோஸோ லினக்ஸோ, போகிற வீட்டுடையது. அலுமினியச் சட்டியை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் சூடேறாது இல்லையா, அதுபோல விண்டோஸுக்குக் கட்டிய பெட்டி லினக்ஸ் கணினியில் ஏறாது.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு நாள் முன்பே மேனேஜர் பாண்டியராஜ் அண்ணனுக்குப் போன் போட்டு, தறி ஆபீஸ் கணினியில் இருப்பது என்ன என்று கேட்டேன். அவர் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, விண்டோஸ் என்றார். பெத்துராஜின் லேப்டாப் தன் போக்கில் விட்டால் லினக்ஸுக்குத்தான் கட்டும். நான் சொன்னதற்காக மெனக்கெட்டு அமைப்பை மாற்றி, விண்டோஸுக்குக் கட்டினான்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பாயும் அண்ணாச்சியும் பின்னால் உட்கார்ந்திருக்க, பென்டிரைவைச் செருகி ஏற்றினேன். இது விண்டோஸ் பெட்டி, லினக்ஸில் ஏற்ற முடியாது என்று திரையில் தெளிவாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே லினக்ஸ் எங்கிருந்து வந்தது? திரையின் மூலையில் விண்டோஸ் பட்டன் இருக்கிறது. கணினியின் நெற்றியில் விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தோடு. அடுத்த பூஜை வரை அதை யாரும் தொடக் கூடாதாம்.

எதையாவது அணைத்துப் போட்டால் சரியாகும் என்கிற பரம்பரை நம்பிக்கையில் ஒரு தடவை அணைத்துப் போட்டேன். அதே பதில். பெத்துராஜின் லேப்டாப்பில் இருப்பது போல இங்கும் அமைப்பை மாற்ற ஒரு வசதி இருக்குமென்று மெனு மெனுவாகத் தேடினேன். பத்து நிமிடம் போயிற்று. பெத்துராஜ் என் காதருகே வந்து, பேசாமல் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டிவிடலாம், பாய்க்கு எங்கே தெரியப்போகிறது என்றான். நல்ல யோசனைதான். என்னைத் தடுத்தது நேர்மை இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியேறிய மறுநிமிடம் பாயின் போனில் ஒன்றும் வராது.

கடைசியில்தான் அந்தக் கணினியிடமே, நீ யார் என்று ஒரு வரி தட்டிக் கேட்டேன். லினக்ஸ் என்றது.

நான் திரும்பி எபினேசர் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். போன கிறிஸ்துமஸ் லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த அவர் தங்கை மகன், ஒரிஜினல் விண்டோஸ் எதற்கு, இது சும்மா கிடைக்கிறது என்று மாற்றிவிட்டானாம். மாமா மிரளக் கூடாதென்று பட்டன், படம் எல்லாம் பழையபடியே தெரிய வைத்துவிட்டும் போயிருக்கிறான். சும்மா கிடைப்பதை அண்ணாச்சி எந்தக் காலத்தில் குறுக்குக் கேள்வி கேட்டார்?

பத்தேகால். பெட்டியை எப்படிக் கட்டுவதென்று எழுதிவைத்த வரிகளில் முதல் வரியை மாற்றி, லினக்ஸுக்கென்று அங்கேயே புதிதாகக் கட்டச் சொன்னேன். அது இணையத்திலிருந்து சாமான்களை இறக்க இறக்க, பாண்டியராஜ் அண்ணன் சுவர்க் கடிகாரத்தின் கீழே போய் நின்றுகொண்டார். ஏறிய பெட்டி அரை விநாடியில் செத்தது. தறிக் கணக்கை வைக்க C டிரைவைத் தேடியிருக்கிறது. லினக்ஸில் அப்படி ஒன்று கிடையாது. இடத்தை மாற்றி எழுதி மறுபடி கட்டினேன். சென்னை ஹாஸ்டலின் மூட்டைப்பூச்சிகள் ஞாபகத்துக்கு வந்தன.

பத்து இருபத்தெட்டுக்குப் பாண்டியராஜ் அண்ணனையே கூப்பிட்டு எண்டரைத் தட்டச் சொன்னேன். கும்பிட்டுவிட்டுத் தட்டினார். ஓடியது. இரண்டு நிமிடத்தில் ராகு வந்தார். தொடங்கியாகிவிட்டதால் யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பாயின் போனில் ஏழாம் தறியின் பச்சைக் கட்டம் போட்ட கைலி, அறுபத்திரண்டு மீட்டர் என்று தெரிந்தது. அவர் எழுந்துபோய் ஏழாம் தறியை நேரில் பார்த்துவிட்டு வந்து, சரிதான் என்று தலையாட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து, இவ்வளவு நேரம் என்ன கோளாறு என்று பாய் கேட்டார். யோசிக்காமல் சொன்னேன்.

"பாண்டியராஜ் அண்ணன் போன்ல விண்டோஸ்னு சொல்லிட்டாங்க, பாய். அதான்."

பாண்டியராஜ் அண்ணன் தரையைப் பார்த்தார். கபீர் பாய் போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒங்க ஆபீஸ் எங்கனம்மா இருக்கு?"

"இங்கனதான் பாய். ரெண்டு தெரு தள்ளி."

"கோயம்புத்தூர்க்காரனும் போன்லதாம்மா கேப்பான்."

குரலில் கோபமே இல்லை. முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உள்ளூர்க்காரி, கூப்பிட்டால் வந்து நிற்பேன் என்று சொல்லித்தான் அவரை வரவழைத்திருந்தேன். இரண்டு நாளில் இரண்டு தெரு நடக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கேட்டதற்குப் பதில் சொன்ன மனிதரைக் காட்டிக் கொடுக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அவங்க மேல தப்பில்ல பாய்," என்றேன். "வந்து பாக்காதது நாந்தான்."

"பதினோரு எடத்துலயும் பதினோரு விதமா வச்சிருப்பானுவ. ஒவ்வொண்ணா நேர்ல போயி பாத்துட்டு வாங்க. பெறவு பேசுவோம்." ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

சரி என்று அவர் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரமாட்டேன் என்று சென்னைக்கு மெயில் அனுப்பினேன். பிறகு பாண்டியராஜ் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தாளில் முதலில் இருந்த வாசுதேவநல்லூருக்கு அடுத்த பஸ் எப்போது என்றும் கேட்டேன்.