உதடு அசைந்த பிணம்

செத்துப்போன மறுநாள் காலையில் அவள் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, மகள் கைபேசியும் கையுமாகச் சமையலறைக்குள் வந்தாள். சிரிப்பை அடக்குகிற பாடு முகத்தில் தெரிந்தது.

"அம்மா, கோபப்படக் கூடாது. படிக்கட்டா?"

படி என்றாள். படிக்காதே என்று சொன்னால் மட்டும் கருத்துகள் அழிந்துவிடப் போவதில்லை.

முந்தின நாள் மாலை அந்த மருத்துவமனைத் தொடர் நேரலையாக ஒளிபரப்பாகியிருந்தது. வழக்கமாக முன்னதாகவே எடுத்து, வெட்டி ஒட்டிப் போடுவார்கள். இந்த ஒரு எபிசோடை மட்டும் நடிக்க நடிக்கவே காட்டுவது என்றும், பார்க்கிறவர்கள் கையோடு கருத்து எழுதலாம் என்றும் சேனல் முடிவு செய்திருந்தது. அதில்தான் அவள் செத்தாள். தொடரில் அவள் நாயகன் டாக்டரின் மனைவி. கதை ஆரம்பித்த சூட்டிலேயே கார் மோதிக் கோமாவில் படுத்தவள், இரண்டு வருடமாகக் கண் திறக்கவில்லை. படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவள் 'பேஷண்ட் அக்கா'. கேமரா ஓடாத நேரத்தில், தொடரில் புருஷனான டாக்டரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"'பிணம் வாயசைக்கிறது. சம்பளம் வாங்குகிறோமே என்று கொஞ்சமாவது செத்துக் காட்ட வேண்டாமா?'" என்று மகள் படித்தாள். "'இந்தம்மாவுக்கு இருந்த ஒரே வேலை சும்மா கிடப்பது, அதுவும் வரவில்லை.' இன்னொண்ணு கேளு. 'டாக்டர் பேசாமல் நின்ற அந்த மௌனம்! அதுதான் நடிப்பு. எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம்.'"

தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது. அவள் துணியெடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மௌனத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குச் சொல்ல நினைச்சதையெல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன்" என்று தொடங்கிப் பேச வேண்டும். "உனக்கு" என்றார். அதோடு நின்றார். மற்ற நாட்களில் கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் வசனத்தைப் படிக்கப் படிக்க இவர் திருப்பிச் சொல்லுவார், குரலைப் பிறகு சேர்ப்பார்கள். நேரலையில் அது முடியாது. அவருடைய கட்டைவிரல் அவள் கையில் வியர்த்து வழுக்கியது. மூச்சு திணறியது. கண்ணை மூடிக் கிடந்தவளுக்கு அது நடிப்பில்லை என்று புரிய ஒரு நொடி போதுமாக இருந்தது. இரண்டு வருடம் படுத்துக்கொண்டே எல்லோருடைய வசனத்தையும் கேட்டவள் அவள். ஒத்திகையில் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், மனதில் ஒட்டிக்கொள்ளும். உதட்டைப் பிரித்தும் பிரிக்காமலும், "சொல்ல நினைச்சதையெல்லாம்" என்றாள். அவர் பிடித்துக்கொண்டார். மீதியைக் கடகடவென்று சொல்லி அழுதும் முடித்தார்.

ஊருக்கே தெரிந்தது அவள் உதடு மட்டும்தான்.

வெளி அறையில் கணவர் தன் அக்காவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஆமாக்கா, லேசா அசைஞ்சுது, நானும் பார்த்தேன், என்ன பண்றது, எடுத்துட்டுத் திருத்துறதுன்னா திருத்திடுவாங்க, இது வந்து... அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அதுக்கு என்னமோ சொல்வாங்களே?"

"நேரலை."

"ஆங், நேரலை" என்று அவர் தொடர்ந்தார்.

கையில் துணியோடு அவள் அப்படியே நின்றாள். கல்யாண வீடுகளில், அவருடைய அலுவலக விருந்துகளில், எத்தனை கதைகளுக்கு இப்படி நடுவில் ஒரு பெயரை, ஒரு தெருவை, ஒரு வார்த்தையை நீட்டியிருப்பாள். கதை அவருடையதாகவே முடியும். சிரிப்பும் அவருக்கே கிடைக்கும். இதுவரை அது உறுத்தியதில்லை. தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுப்பது போலத்தான் செய்து வந்திருக்கிறாள். இன்றைக்கு உறுத்தியது.

நடந்ததை மகளிடம் சொன்னாள். மகளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"அப்ப நீயே எழுதிப் போடும்மா. அவர்தான் மறந்தாருன்னு."

எழுதவும் செய்தாள். இரண்டு வரி எழுதி, அழித்தாள். அழித்ததற்குக் காரணம் பயம் மட்டுமல்ல. மனைவி செத்த பிறகு அவளுடைய இரட்டைத் தங்கை கதைக்குள் வருவாள் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். வக்கீல். அக்கா சாவில் சந்தேகம் என்று மருத்துவமனையையே கிடுகிடுக்க வைப்பவள். அந்த வேடமும் அவளுக்குத்தான். வசனப் பக்கங்களையே கையில் கொடுத்துவிட்டிருந்தார். குளியலறைக் கண்ணாடி முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு அத்தனையையும் சொல்லிப் பார்த்திருந்தாள். 'இங்க யாராவது உண்மையைச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?' என்பது தங்கையின் முதல் வரி. அதைச் சொல்லும்போது தன் குரலுக்கு இவ்வளவு கனம் உண்டா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்காக நாலு பேர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

மதியம் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் டாக்டரும் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். யார் முன்னாலும் வேண்டாம், காதோடு சொன்னால்கூடப் போதும் என்றிருந்தது.

"அக்கா, அந்த இடத்துல நான் நிறுத்தினேனே, எப்படி இருந்துச்சு?" என்றார் அவர். "அங்க ஒரு மௌனம் வேணும்னு உள்ளேர்ந்து தோணுச்சு. பொண்டாட்டி செத்தா எவனுக்குப் பேச்சு வரும்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பாராட்டைப் படித்துப் படித்து மனுஷன் நம்பியே விட்டிருந்தார்.

அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு டைரக்டரிடம் சொன்னாள்.

"சார், அவர் மறந்துட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? நீங்க இல்லேன்னா நேத்து என் மானம் போயிருக்கும்." அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "ஆனா வெளிய சொல்ல முடியுமா? அத விடுங்க. நல்ல சேதிக்குத்தான் கூப்பிட்டேன். பாதிப் பேரு திட்டறான், சரி. மீதிப் பேரு என்ன எழுதியிருக்கான் தெரியுமா? உதடு அசைஞ்சுது, அப்ப உசிரு இருக்குன்றான். எழுப்புங்க எழுப்புங்கன்னு ஒரே கூச்சல். சேனல்ல குதிக்கிறாங்க. உங்களைச் சாகடிக்கப் போறதில்ல."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

"அப்ப தங்கச்சி?"

"அக்கா உசிரோட இருக்கறப்ப தங்கச்சி எதுக்கும்மா?"

"நான் எழுந்து பேசுவேனா சார்?"

"பேசினா கதை முடிஞ்சுடுமே" என்று அவர் சிரித்தார். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். படுத்துக்கிட்டே சம்பாதிக்கிற யோகம் யாருக்கு வரும் என்று நாத்தனார் தொலைபேசியில் சொன்னதைக் கணவர் இரண்டு முறை சொல்லிச் சிரித்தார். வசனப் பக்கங்களை அவள் மடித்துத் துணி அலமாரியின் அடியில் வைத்தாள். கிழிக்க மனம் வரவில்லை. இரண்டு வருடம் பேசாமல் கிடந்து சம்பாதித்த வேடத்தை இரண்டு வார்த்தை பேசித் தொலைத்தாயிற்று. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெளிவாகவில்லை. எழுப்புங்கள் என்று எழுதியவர்கள் அவளுக்கு நல்லதைத்தானே கேட்டார்கள்.

அடுத்த படப்பிடிப்பில் பழைய கட்டில், பழைய போர்வை, மூக்கில் பழைய குழாய். மேக்கப் பெண் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, வெல்கம் பேக் அக்கா என்றாள். டாக்டர் இனிமேல் யாரும் வசனம் படித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். படித்துக் காட்டினால் உணர்ச்சி போய்விடுகிறதாம்.

கேமரா ஓடியது. அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீ என்கிட்ட பேசினே" என்றார். "எல்லாரும் இல்லேன்னாங்க. ஆனா நான்..."

நின்றார்.

முதலில் அறையில் ஒரு மரியாதை இருந்தது. பிரமாதம், விடாதே, என்று டைரக்டர் கேமராக்காரரிடம் முணுமுணுப்பது கேட்டது. அந்த அமைதி நீண்டது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். டாக்டரின் கட்டைவிரல் அவள் உள்ளங்கையை மெல்ல அழுத்தியது. பிறகு பலமாக அழுத்தியது.

'ஆனா நான் கேட்டேன். என் காதால கேட்டேன்.' அவ்வளவுதான் வசனம். அவளுடைய நாக்கு நுனியில் இருந்தது.

"அக்கா" என்றார் அவர், பல்லிடுக்கில்.

அவள் கிடந்தாள்.

"கட்" என்றார் டைரக்டர். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை டைரக்டர் கட்டில் பக்கமே வந்துவிட்டார்.

"பேஷண்ட் அக்கா, கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன். இது நேரலை இல்ல, நாங்க வெட்டிக்கறோம்."

அத்தனை பேரும் தன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று மூடிய இமைக்குள்ளிருந்தே அவளுக்குத் தெரிந்தது. பிளாஸ்திரி ஒட்டிய இடம் அரித்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள்.

"தூங்கிட்டாங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

மேக்கப் பெண் குனிந்து பார்த்தாள். "மூச்சு வருது சார்" என்றாள்.