புகார் ஏதும் இல்லை

ஒத்திகைக்கு வந்திருந்த மற்ற பதினொரு பேரும் கை தட்டினார்கள். சாலை சிக்னல்களைப் பழுதுபார்க்கும் வேலையால் சிக்னல்காரி என்று பெயர் வாங்கியவள் மட்டும் இரண்டு கைகளையும் தட்டவும் முடியாமல் மடியில் போடவும் முடியாமல் அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் நின்றிருந்தது அவளுடைய அண்ணி, அதாவது கணவனின் அக்கா.

நூலகத்தின் மாடி அறையில் வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கூட்டம் நடக்கும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான் பேச வேண்டும். கண்ணெதிரே இருக்கும் ஒரு சிக்கல், அதற்குத் தோன்றிய ஒரு யோசனை, பத்து நிமிடம், அவ்வளவுதான். பதினோராவது நிமிடம் நூலகர் மணியடித்துவிடுவார். போன வருடம் ஒருவர் பாதி வாக்கியத்தில் இறக்கிவிடப்பட்டு, மீதியை மாடிப்படியில் சொல்லிக்கொண்டே போனார்.

அண்ணி பள்ளியில் முப்பத்து நாலு வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். ஒத்திகையிலும் கணக்காகத்தான் பேசினார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல ரோட்டைக் கடக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். மூணு வாரம் அங்க பெஞ்சுல உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் நானூத்திப் பன்னிரண்டு பேர். கம்பத்துல இருக்கிற பட்டனை அழுத்தினவங்க இருநூத்தி அறுபது. அவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேர் பச்சை வர்ற வரைக்கும் நின்னாங்க. அழுத்தாதவங்கள்ல பாதிப் பேர் வண்டிகளுக்கு நடுவுல ஓடினாங்க. ஆக, என் யோசனை ஒரு விரல் அளவுதான். அழுத்துங்க, நில்லுங்க. பிள்ளைங்களுக்கும் சொல்லிக்கொடுங்க. எங்க குடியிருப்புல நான் சொல்லிக்கொடுத்தாச்சு."

நல்ல பேச்சு. அதில் ஒரே ஒரு கோளாறு. அந்தப் பட்டன் எதனோடும் இணைக்கப்படவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அதன் ஒயரைக் கழற்றியவள் சிக்னல்காரியேதான்.

தெரிந்ததும் எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த விஷயத்தில் முன் அனுபவம் உண்டு. அண்ணியின் பணி நிறைவு விழாவில், "இத்தனை வருஷத்துல நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை" என்று அண்ணி மைக்கில் சொன்னபோது, இரண்டாவது வரிசையிலிருந்து இவள், "மாவுக்கட்டோட ஒரு மாசம் படுத்திருந்தீங்களே அண்ணி?" என்று கேட்டுவிட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். மண்டபமே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். மறுநாளிலிருந்து இரண்டு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் மூன்றாவது மாடி, அண்ணி முதல் மாடி. படியில் எதிர்ப்பட்டால் அண்ணி சுவரில் ஏதோ எழுதியிருப்பதைப் படிப்பதுபோல் திரும்பிக்கொள்வார். அம்மா இல்லாத இவளுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் குழம்பில் உப்பு கூடிப்போனாலும் ஓடிப்போய் நிற்க அந்த முதல் மாடிக் கதவுதான் இருந்தது. அது மூடியிருந்த இரண்டு வருடத்தில் அவள் இளைத்தே போனாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அண்ணியே மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். "நூலகத்துக் கூட்டத்துக்கு என் பேரோட உன் பேரையும் சேர்த்துக் கொடுத்திருக்கேன். நான் என்ன பேசப்போறேன்னு இப்பக் கேட்காதே, அங்க வந்து கேட்டுக்கோ" என்றார். சமாதானம் அந்த உருவத்தில் வந்தது. இப்போது மறுபடியும் அதே அண்ணி, இன்னொரு மேடை, அதே இரண்டாவது வரிசை.

அன்றைக்கே கணவனுக்கு போன் போட்டாள். அவன் லாரி ஓட்டுபவன். எங்கோ சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருந்தான்.

"இங்க பாரு, எங்க அக்காவை ஒரு தடவை திருத்தினே, ரெண்டு வருஷம் நான் மாடிப்படி தபால்காரனா இருந்தேன். இன்னொரு தடவைன்னா நான் லாரியிலயே குடியேறிடுவேன்."

"அப்ப சொல்ல வேணாங்கறியா?"

"நான் அப்படிச் சொன்னேனா? வரிசை நகருது, வச்சிடறேன்."

பட்டன் ஏன் செத்துப்போனது என்பது நல்ல கதை. அந்தக் காலத்தில் அது உயிரோடுதான் இருந்தது. யாராவது அழுத்தினால், கம்பத்தடியில் இருக்கும் இரும்புப் பெட்டிக்கு, 'இங்கே ஒருவர் நிற்கிறார்' என்று செய்தி போகும். பெட்டி வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு வழிவிடும். பிறகு அந்தப் பெரிய சாலையின் ஐந்து சிக்னல்களையும் ஒரே சங்கிலியாகக் கோத்தார்கள். முதல் சிக்னலில் பச்சையில் கிளம்பிய வண்டிக்கு இரண்டாவதிலும் பச்சை, மூன்றாவதிலும் பச்சை. அலை மாதிரி. அதற்கு ஐந்து பெட்டிகளும் நூற்றுப்பத்து நொடிக்கு ஒரு சுற்று என்று பிசகாமல் சுற்ற வேண்டும். நடுவில் ஒருவர் பட்டனை அழுத்தி ஒரு பெட்டியை மட்டும் நிறுத்தினால் சங்கிலி அறுந்துவிடும். அதனால் பட்டன்களைக் கழற்றச் சொன்னார்கள். பட்டனுக்கு மேல் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு வேறு ஒயரில் ஓடியது. அதை எடுக்கத் தனி உத்தரவு வர வேண்டும். அது வரவே இல்லை. ஆகவே அழுத்தினால் இன்றைக்கும் விளக்கு எரியும், 'காத்திருக்கவும்' என்று எழுத்து தெரியும், பெட்டிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூட்டம். காலை ஏழு மணிக்கு சிக்னல்காரி முதல் மாடிக் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, கொஞ்சம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வர்றீங்களா? ஒண்ணு காட்டணும்."

இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஓரமாகத் தொங்கிய ஒரு ஒயரை வெளியே இழுத்தாள். முனையில் கறுப்பு டேப் சுற்றி, ஒரு சீட்டு கட்டியிருந்தது.

"இது என்னது?"

"நீங்க அழுத்தச் சொல்ற பட்டனோட ஒயர் அண்ணி."

"எங்க போகுது?"

"எங்கேயும் போகல."

அண்ணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டைப் படித்தார். தேதி, அதற்குக் கீழே 'இணைப்பு நீக்கப்பட்டது' என்று இரண்டு சொல். "இது உன் கையெழுத்துல்ல?"

"ஆமா அண்ணி."

"விளக்கு எரியுதே?"

"அது வேற ஒயர்."

"சும்மா சொல்லாதே. நானே அழுத்தியிருக்கேன். அழுத்தி அஞ்சு நொடியில பச்சை வந்திருக்கு."

"எப்பவும் அப்படி வந்துச்சா?"

அண்ணி பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். சிக்னல்காரி சொன்னாள். "பச்சை தன் பாட்டுக்கு நூத்திப்பத்து நொடிக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகுது. நீங்க எந்த நேரத்துல வந்து நிக்கறீங்களோ, அதைப் பொறுத்து ரெண்டு நொடியும் ஆகலாம், தொண்ணூத்தஞ்சு நொடியும் ஆகலாம். சீக்கிரம் வந்தா பட்டன் வேலை செஞ்சுதுன்னு நினைச்சுக்கறோம். வரலைன்னா வண்டி ஜாஸ்தின்னு நினைச்சுக்கறோம்."

ஆம்புலன்ஸ் ஒன்று போனது. அண்ணி அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வருஷம். நான் இந்த வழியாத்தான் தினம் பள்ளிக்கூடம் போனேன். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"முதல்ல தோணுச்சு. அப்புறம் பழகிப்போச்சு அண்ணி."

"குடியிருப்புல இருபது பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு அழுத்தப் பழக்கியிருக்கேன்டி" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிறகு சாலையைக் கடக்காமல், வந்த பக்கமாகவே திரும்பி நடந்தார்.

சிக்னல்காரி பெட்டியை மூடாமல் அங்கேயே நின்றாள். தன் பேச்சு என்று அவள் தயார் செய்து வைத்திருந்தது ஒரு பழைய யோசனை. சுற்றைச் சரிபாதியாக்கி ஐம்பத்தைந்து நொடி ஆக்கிவிட்டால், நடப்பவர்களுக்கு இரண்டு மடங்கு முறை வழி கிடைக்கும். இரண்டு ஐம்பத்தைந்து சேர்ந்தால் அதே நூற்றுப்பத்துதான் என்பதால் சங்கிலியும் அறுபடாது. நாலு வருடத்துக்கு முன் இதை எழுதி மேலே அனுப்பினாள். 'மேற்படி இடம் குறித்துப் பொதுமக்களிடமிருந்து புகார் ஏதும் இல்லை. எனவே மாற்றம் தேவையில்லை' என்று பதில் வந்தது.

ஏன் புகார் இல்லை? அவள் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்தாள். ஒருவர் அவசரமாக வந்தார், பட்டனை அழுத்தினார், விளக்கு எரிந்தது, தோள் தளர்ந்தது. இன்னொருவர் நாலைந்து தரம் குத்தினார், முணுமுணுத்தார், ஓய்ந்தார். அட, இதுதானா! எரிச்சல் வந்த ஒவ்வொருவரும் தன் புகாரைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அந்தப் பட்டனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒன்பது வருடப் புகார் முழுவதையும் அது ஏப்பம்கூட விடாமல் விழுங்கியிருக்கிறது.

துறையின் கையேட்டில், வேலை செய்யாத கருவியை அகற்ற வேண்டும், அல்லது மூடி வைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சிக்னல்காரி வண்டியிலிருந்து கறுப்பு உறைகளை எடுத்துவந்தாள். சாலையின் இரண்டு பக்கத்துப் பட்டன்களையும் மூடிக் கட்டினாள். மேலே ஒரு தாள் ஒட்டினாள். 'இது வேலை செய்யவில்லை. பச்சை வரத் தொண்ணூற்றைந்து நொடி வரை ஆகும்.' கீழே புகார்ப் பிரிவின் தொலைபேசி எண்.

மாலையில் அறை நிறைந்திருந்தது. தையற்காரர் ஒருவர் பள்ளிப் பைகளின் பழுதான ஜிப்புகளைப் பற்றி ஒன்பதரை நிமிடம் பேசி முடித்தார். அடுத்து அண்ணி. ஒத்திகையில் சொன்னதையே சொன்னார். பெஞ்ச், மூன்று வாரம், நானூற்றுப் பன்னிரண்டு. அப்படியே பேசி முடித்துவிடுவார் போலிருந்தது.

"எண்ணினது எல்லாம் சரி" என்றார் அண்ணி. "முடிவுதான் தப்பு. அந்தப் பட்டன் எதோடயும் சேரல. அழுத்தினதால யாருக்கும் பொறுமை வரல. ஏற்கெனவே பொறுமையா இருந்தவங்கதான் அழுத்தியிருக்காங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு எழுதற பிள்ளைங்களுக்கு முப்பத்து நாலு வருஷமா மார்க் குறைச்சவ நான். இன்னிக்கு எனக்கே குறைச்சுக்கறேன்."

சிரிப்பு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை.

"எனக்கு இது இன்னிக்குக் காலையிலதான் தெரியும். ஒன்பது வருஷமா தெரிஞ்ச ஒருத்தர் அடுத்துப் பேசுவாங்க. அவங்களைக் கேளுங்க."

இறங்கி வந்து, இவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தாண்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சிக்னல்காரி மேடையேறி, ஒயரைக் கழற்றியது யார் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். சங்கிலியைச் சொன்னாள், விளக்கைச் சொன்னாள். நடுவில் ஒருவர் எழுந்தேவிட்டார்.

"அப்ப ஒன்பது வருஷமா எங்களை முட்டாளாக்கியிருக்கீங்க?"

"ஆமாங்க" என்றாள்.

"எங்க பொண்ணு அதை அழுத்தறதுக்குன்னே அந்த வழியா வருவா" என்றாள் ஒரு தாய், யாரையும் குறை சொல்லாத குரலில். அது முந்தையதைவிட வலித்தது.

"என் யோசனை இதுதாங்க. கெட்டுப்போனதை மூடி வைக்கணும். வேலை செய்யற மாதிரி நடிக்கிற ஒண்ணு, ஒண்ணுமே இல்லாததைவிட மோசம். ஏன்னா அது இருக்கிற வரைக்கும் நாம வேற யார்கிட்டயும் போய்க் கேட்க மாட்டோம். இன்னிக்குக் காலையில மூடிட்டேன். இனிமே தொண்ணூத்தஞ்சு நொடி எவ்வளவு நீளம்னு தெரியும். தெரிஞ்சா போன் பண்ணுங்க. எண் அங்கேயே எழுதியிருக்கு. அதைப் பாதியாக்க வழி இருக்கு." பாதிச் சுற்றைச் சொல்லி முடிப்பதற்குள் மணியடித்துவிட்டது.

கூட்டம் கலைந்தபோது கடைசி வரிசையில் அண்ணி இல்லை. வீட்டுக்கு வந்தால் முதல் மாடிக் கதவு சாத்தியிருந்தது. கணவன் போனில், "எங்க அக்கா என் போனையே எடுக்கல" என்றான்.

திங்கட்கிழமை பத்தரைக்கு இன்ஜினியர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் மெமோ தயாராக இருந்தது.

"யாரைக் கேட்டு மூடினே?"

"கையேட்டுல இருக்கு சார். பதினாலாம் பக்கம்."

"ஒன்பது வருஷமா அந்தப் பக்கம் கண்ணுல படலையா?"

"படல சார். அதுக்கு மெமோ கொடுத்தா வாங்கிக்கறேன்."

அப்போது புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் பெண் ஒரு கட்டுத் தாளோடு உள்ளே வந்தாள். "சார், காலையிலேர்ந்து முப்பத்தாறு. எல்லாம் ஆஸ்பத்திரி வாசல். எனக்குக் காது சுடுது. முப்பத்தேழாவது நேர்லயே வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போச்சு. ஒரு டீச்சரம்மா. என் எழுத்துப் பிழையையும் திருத்திட்டுப் போனாங்க."

இன்ஜினியர் அந்தக் கடைசித் தாளை எடுத்துப் படித்தார். புருவம் உயர்ந்தது. சத்தமாக மறுபடி படித்தார்.

"'மேற்படி இடத்தில் சுற்றை ஐம்பத்தைந்து நொடியாகக் குறைக்க வேண்டும். கணக்கு இணைத்துள்ளேன். பட்டன் இணைப்பில் இல்லை என்பதை ஒன்பது ஆண்டுகளாக அறிந்தும் சொல்லாத ஊழியர்மீது துறை நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவளை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்.'" தாளைக் கீழே வைத்தார். "யாரு இது?"

"எங்க அண்ணி, சார்."

இன்ஜினியர் மெமோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதுக்கு நம்ம மெமோ பரவாயில்ல போலிருக்கே."

"ஆமா சார்" என்றாள் சிக்னல்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சார், இன்னிக்கு ஒரு அரை மணி நேரம் முன்னாடியே வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"