பட்டியலில் இல்லாத உடம்பு

வைசீனா ஊரில் மூன்று மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ எடை காணாமல் போனது. அது எந்த வழியாகப் போனது என்பது போதகர் பெலெனாத்தோவுக்குத் தெரியும். அவர் வீட்டுச் சமையலறை வழியாகத்தான் போனது.

சர்க்கரை நோயை விரட்டுவதே இந்த வருஷம் சமோவாவின் தலையாய வேலை என்று சுகாதார இலாகா சொல்லிவிட்டது. எந்த ஊர் அதிகம் இளைக்கிறதோ அந்த ஊருக்குப் பெரிய மழைநீர்த் தொட்டி பரிசு. வைசீனாவின் பழைய தொட்டியில் தண்ணீரைவிடப் புழு அதிகம். மாதர் குழுத் தலைவி மத்தீலே ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள். டின் மாட்டிறைச்சி கூடாது, ஆட்டுக் கொழுப்பு கூடாது, சீனி கூடாது. தேவாலயக் கதவில் இலாகாவின் சுவரொட்டியை நாலு குண்டூசி குத்தி மாட்டினாள். சனிக்கிழமைதோறும் கொப்பரை மூட்டை நிறுக்கும் தராசில் ஊரே வரிசையாக ஏறி இறங்கியது. இரண்டாம் மாதம் ஊர்ப் பன்றிகளே கொஞ்சம் வேகமாக ஓடின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நியூசிலாந்தில், ஆக்லாந்திலிருக்கும் உறவுக்காரர்கள் டின்களைக் கப்பலில் அனுப்புவதை நிறுத்தவில்லை. வந்த சாப்பாட்டை எறிய முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பதினெட்டு வீட்டுத் தட்டும் போதகர் வீட்டுக்குப் போவது வழக்கம். டின்களும் அந்த வழியிலேயே போயின.

அதில் தப்பொன்றும் இல்லை. போதகர் வேற்றூரிலிருந்து அழைத்து வரப்பட்டவர். சொந்த ஊர்க்காரரை எந்த ஊரும் போதகராக வைத்துக்கொள்வதில்லை. எனவே மத்தீலேயின் நிறுவைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாத வாய்க்குத் தடையும் இல்லை.

தட்டு காலியாகத் திரும்ப வேண்டும். பெண்கள் அதை வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள். பெலெனாத்தோ சாப்பிட்டார். ஐந்தாம் வாரத்தில் ருசி தெரியாமல் போனது. பிறகு பசி போனது, அதன் பிறகு வயிறு நிறைந்ததும் தெரியவில்லை. கை தானாக வாய்க்குப் போய்வந்தது, ஆமென் சொல்வது போல.

பத்தாம் வாரம் ஒரு மத்தியானம் அவர் மனைவி செஃபீனா தலையைத் தூக்கிச் சொன்னாள்.

"என்னங்க, கடிகாரம் ஓடுது."

நாலு வருஷமாக நின்றிருந்த கடிகாரம் அது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். முள் அசையவில்லை. போதகர் ஜன்னல் பக்கம் நடந்தார். டிக், டிக். நின்றார். சத்தமும் நின்றது.

வலது கால் சுண்டுவிரலுக்குக் கீழே, செருப்பைத் துளைத்துக்கொண்டு, சுவரொட்டியின் குண்டூசி இறங்கியிருந்தது. அதோடு அவர் ஒரு கல்யாணமும் இரண்டு அடக்கமும் நடத்தி முடித்திருந்தார்.

நர்ஸ் லெயிட்டு விரலை அமுக்கிப் பார்த்தாள். அது கறுத்திருந்தது.

"வலிக்கலையா ஐயா?"

"இல்லம்மா."

"வலிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். இந்த விரல் போயிடும். இதே மாதிரி சாப்பிட்டீங்கன்னா அடுத்து பாதம் போகும். தட்டைத் திருப்பி அனுப்பிடுங்க."

செஃபீனா கேட்டாள்: "உங்க ஊர்ப் போதகர் வீட்டிலிருந்து உன் தட்டு திரும்பி வந்தா நீ என்ன பண்ணுவே?"

லெயிட்டு விரலை விட்டுவிட்டாள். "அழுவேன். அடுத்த வாரம் ரெண்டு தட்டு அனுப்புவேன்."

விரலை எடுத்தார்கள். வேறு யாருடைய விரலையோ எடுப்பதைப் போலப் பெலெனாத்தோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு, நோயாளி வீடு என்பதால், பதினெட்டு வீட்டிலிருந்து முப்பத்தொரு தட்டு வந்தது.

அடுத்த சனிக்கிழமை கடைசி நிறுவை. இலாகா அதிகாரி தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர் முந்நூற்றுத் தொண்ணூறு கிலோதான் இளைத்திருந்தது. மத்தீலே வெற்றிக்காக ஊதலை வாயில் வைத்த நேரம், போதகர் கட்டுப்போட்ட காலோடு தராசில் ஏறினார். தராசு முனகியது.

"ஐயா, நீங்க எதுக்கு? நீங்க ஊர்க்காரர் இல்லீங்களே."

"பன்னெண்டு வருஷமா உங்க சாப்பாடுதான் மத்தீலே. இந்த உடம்பைப் பிரிச்சுப் பாரு. என் ஊர்ச் சதை ஒரு பிடி கிடைச்சா நான் இறங்கிடறேன்."

யாரோ சிரித்து, நிறுத்திக்கொண்டார்கள்.

லெயிட்டு மருத்துவமனைப் புத்தகத்தைப் புரட்டினாள். "மூணு மாசத்துக்கு முன்னாடி இருமலுக்கு வந்தப்ப எடை எழுதியிருக்கேன். நாப்பத்தோரு கிலோ ஏறியிருக்கார்."

மத்தீலே கணக்கில் கெட்டிக்காரி. "எழுதினா முந்நூத்தி எழுபத்தொண்ணு. தொட்டி போயிடும் ஐயா."

"தெரியும். ஆனா எழுதினா, உன் தடை என் வீட்டுக்கும் வரும்."

"கொஞ்சம் இறங்கி நில்லுங்க, பேசிக்கலாம்."

"காலு மரத்துப் போச்சும்மா. சொன்னா கேக்காது."

மத்தீலே அவர் கால்கட்டைப் பார்த்தாள். அதில் சீழ் மஞ்சளாக ஊறியிருந்தது. அந்த முப்பத்தொரு தட்டில் மூன்று அவளுடையது. வாயிலிருந்து ஊதலை எடுத்துத் துடைத்தாள். பட்டியலின் கடைசியில் அவர் பெயரை எழுதினாள்.

தொட்டி பக்கத்து ஊருக்குப் போனது. அந்த ஊர்ப் போதகரைப் படகில் ஏற்ற இப்போது ஆறு பேர் வேண்டுமாம், நடுவில் உட்காராவிட்டால் படகு சாய்கிறதாம்.

மறுநாள் பதினெட்டு தட்டு வந்தது. அவித்த வாழைக்காய், சுட்ட மீன், பப்பாளி. எல்லாம் கால் பங்கு. மத்தீலே வாசலில் நின்று ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்தாள். பெலெனாத்தோ சாப்பிட்டார். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. தட்டுகள் காலியாகத் திரும்பின.

தினமும் செஃபீனா அவர் பாதங்களை மடியில் வைத்து உள்ளங்காலைத் தடவிப் பார்க்கிறாள்.

"தெரியுதா?"

"இல்ல."

ஒன்பது விரலையும் எண்ணிவிட்டுக் கால்களை இறக்கி வைப்பாள். கடிகாரத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று வந்தவரையும் அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டில் எது டிக்கென்றாலும் அது அவர் கால்தான் என்று தெரிய வேண்டுமே.