பேசாதவரின் முறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்தது. தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போய், படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போவதற்கான பாஸ் ஒன்றே ஒன்று, ஏழெட்டுப் பேரிடம் கைமாறிக்கொண்டிருந்தது. ஜாடையில் ஒருவர்கூட இன்னொருவரைப் போல இல்லை. நீங்களெல்லாம் யார் என்று காவலாளியம்மா கேட்டதற்கு, "ஒரே குடும்பம்மா" என்றார் ஒரு பெரியவர். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நானும்தான்.

நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவ சபைக்காரன். 'தேவனுடைய குடும்பம்' என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன். அதை ஒருவர் காவலாளியிடம் பதிலாகச் சொல்லக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் கற்பனை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'அன்பே உருவான அந்தச் சபையார், தையல்காரரைக் கண்டதும் கண்கள் கலங்க—'

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

மறுபடியும். தையல்காரர் சட்டை தைப்பவர். நறுக்கென்று வெட்டுவார், துணியையும் பேச்சையும். அவருடைய அண்ணன் வெல்டர். அண்ணன் ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேர்ந்த அன்று, "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்று சொல்லிவிட்டு வந்தவர், அந்தச் சொல்லை வருடக்கணக்காகக் காப்பாற்றினார். இப்போது அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடக்கிறார். நாளைக் காலையில் தலையில் ஆபரேஷன். எழுந்து வருவார் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. செய்தி கேட்டதும் தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

காவலாளியம்மா மறித்தாள். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். அது சபைக்காரர்கள் கையில். நான் கூடப்பிறந்தவன் என்றார் இவர். காலையிலிருந்து வந்த எல்லாரும் அதையேதான் சொன்னார்கள் என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

3

[இங்கே எனக்கொரு சந்தேகம். சபைக்காரர்களை இவ்வளவு நல்லவர்களாக விட்டால் யார் நம்புவார்கள்? நான் அங்கேயே வளர்ந்தவன், எங்கள் சண்டைகள் எனக்குத் தெரியும். ஆகவே ஒருவரைக் கூட்டி வருகிறேன்.]

கீபோர்டுக்காரர். வேலை பஸ் ஓட்டுவது. ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு. ஒலிபெருக்கி வெல்டரின் பொறுப்பு. பாட்டு சூடு பிடிக்கும் நேரம் பார்த்து அவர் கீபோர்டின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அது முற்றி, இருவருக்கும் பேச்சு நின்றே ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது வெல்டருக்குத் துணையாக உட்கார கீபோர்டுக்காரரின் முறை. பாஸ் அவர் சட்டைப் பையில்.

பாஸ் கேட்க வந்த தையல்காரர், இதை அவர் வாயாலேயே கேட்டதும் வந்த காரியத்தையே மறந்துபோனார்.

"பேச்சே இல்லாதவருக்கு நீங்க ஏன் வந்து உக்காரணும்?"

"கோவம் போகலைங்க. அதுக்காக முறைக்கு வராம இருக்க முடியுமா?"

"பிடிக்கலைன்னா விட்டுட வேண்டியதுதானே?"

"நானா சேத்தேன், நான் விடறதுக்கு?" கீபோர்டுக்காரர் மேலே கையைக் காட்டினார். "அப்பா சேத்துக்கிட்டாரு. என்னைச் சேத்தப்ப மட்டும் யாரைக் கேட்டாரு?"

(அடிக்குறிப்பு: இந்த வரியை அவர் வாயில் வைக்க நான் திட்டமிடவில்லை. எழுதிவிட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் ஜன்னலருகே நின்றேன். யோக்கியதை பார்த்துச் சேர்ப்பதாக இருந்தால் நானும் வராந்தாவில்தான்.)

தையல்காரர் கழுத்து டேப்பை விரலில் சுற்றினார். அண்ணனை அவரும் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளவில்லைதான். விட்டது மட்டும் அவராக விட்டது. அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

கீபோர்டுக்காரர் பாஸை நீட்டினார். உள்ளே பேச வேண்டியதில்லை, கட்டில் கம்பியை அவர் தட்டினால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம் என்றார். மற்றவர்கள் போனால் பேசுவார்கள், ஜெபிப்பார்கள். தான் மட்டும்தான் வாயைத் திறக்காமல் உட்காருவதால், கண்ணைக் கட்டியிருந்தும் வெல்டருக்கு ஆள் தெரிந்துவிடுமாம்.

4

ஒரு முடிவு: அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (தலையில் அடிபட்டவரைக் கட்டிக்கொள்ள எந்த நர்ஸ் விடுவார்?)

இன்னொன்று: தையல்காரர் வாசலோடு திரும்பி— (பாஸைக் கையில் வாங்கிவிட்டாரே.)

ஆகவே உள்ளே போகிறார். ஸ்டூலில் உட்காருகிறார். பேச வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, அண்ணன் கம்பியைத் தட்டுகிறார். தம்பி தம்ளரை அவர் உதட்டருகே பிடிக்கிறார். அண்ணனின் கை தம்ளரைத் தேடி வந்து, அதைப் பிடித்திருக்கும் விரல்கள்மேல் படுகிறது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். கை அங்கேயே நிற்கிறது.

"இன்னும் கோவமா?" என்கிறார் அண்ணன்.

கீபோர்டுக்காரர் என்று நினைத்துக் கேட்டாரா, விரலை அடையாளம் கண்டு கேட்டாரா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள உங்களைவிட எனக்கு ஆசை. ஆனாலும் அவரிடம் போய்க் கேட்கப்போவதில்லை.

தையல்காரர் வாயைத் திறக்கிறார். பதிலை நீங்கள் சொல்லுங்கள். வராந்தாவில் கீபோர்டுக்காரர் இன்னும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.