இடது முன்சக்கரம்

கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்யும் கணவன் வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. குரல் மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது. அதுவும் கப்பல் ஏதாவது கரையை ஒட்டிப் போகும்போதுதான். வீட்டில் எது கெட்டுப்போனதென்று சொன்னாலும் ஒரே பதில்: "நீ தொடாத. நான் வந்து பாத்துக்கறேன்."

அப்படி அவன் வந்து பார்த்துக்கொள்ள வேண்டியவை சேர்ந்துகொண்டே போயின. ஒழுகும் குழாய், ஒருக்களித்துச் சாய்ந்த அலமாரி, ஐந்து மாதமாக வாசலில் நிற்கும் கார். ஓட்டினால் இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தில் கருகிய வாடை, கை வைக்க முடியாத சூடு. பிரேக் விடாமல் கவ்விக்கொண்டிருந்தது.

அவள் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவள். தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்றுதான் பெயர். அரிசி அளவுப் பல்லை அரத்தால் ராவுகிற கைக்கு இதொன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஆனாலும் தொடாமலே விட்டிருந்தாள். சரிசெய்துவிட்டால் அவன் வருவதற்கு ஒரு காரணம் குறைந்துபோகும் என்று ஓர் அசட்டு எண்ணம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்தது. "எனக்கு மாத்தாள் வரலம்மா. இன்னும் மூணு மாசமாம். கோவிச்சுக்காத."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. தலையணைகளுக்குப் போட்டிருந்த புது உறைகளை உருவி மடித்து வைத்தாள். பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், பிரேக் பேட், ரப்பர் வளையங்கள், ஒரு டப்பா பிரேக் ஆயில் எல்லாம் வாங்கிவந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டாள். எத்தனையோ தடவை துவைத்தாகிவிட்டது. முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனைதான். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் துருவேறிக் கிடந்தது. போல்ட்டு அசைந்து கொடுக்கவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்றாள்.

"வர்றியா இல்லையா?" என்றாள். போல்ட்டைத்தான் கேட்டாளா என்று அவளுக்கே சந்தேகம். போல்ட்டு விட்டுக்கொடுத்தது.

பிரேக் பெடலை மிதித்து மிதித்து, காலிபருக்குள் இறுகிக் கிடந்த பிஸ்டனை வெளியே வரவழைத்தாள். அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் விறைத்துப்போயிருந்தது. பல்லிடுக்கைத் தேய்க்கும் குட்டி பிரஷ்ஷால் அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைத் துடைத்தாள். நல்லவேளை, பிஸ்டனில் அரிப்பு இல்லை. புது வளையத்தைப் பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்தி, காய்ந்து கிடந்த பின்களுக்குக் கிரீஸ் தடவி, புது பேட்களை வைத்து, எல்லாவற்றையும் முடுக்கினாள். அதுவரை ஒற்றை ஆளாகவே சமாளித்தாயிற்று. இனி பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிபரில் உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். எப்போதும் அவன் கீழே படுத்திருப்பான், அவள் பெடலை மிதிப்பாள்.

பக்கத்து வீட்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள். கணவனின் தங்கை; பஸ் கண்டக்டர்.

"மிதி. நான் சொல்ற வரைக்கும் விடாத!"

'விடு' என்று காதில் விழுந்ததோ என்னவோ, நாத்தனார் காலை எடுத்துவிட்டாள். வெளியேறிய காற்றெல்லாம் திரும்ப உள்ளே போயிற்று.

"விடாதன்னு தானே சொன்னேன்!"

"விடுன்னுதான் கேட்டுச்சு அண்ணி. இந்தாங்க, விசில். ஒண்ணு ஊதினா மிதிப்பேன், ரெண்டு ஊதினா விடுவேன். எனக்கு வாய்ப்பேச்செல்லாம் சரிப்படாது."

அப்புறம் விசில்தான். எதிர்வீட்டுக்காரர் பஸ் வந்துவிட்டதென்று பையோடு வெளியே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அண்ணன் சீட்டு இது. பின்னாடி தள்ளியே வெச்சிருக்கீங்க. நுனிக்காலாலதான் மிதிக்கிறேன்."

"முன்னாடி இழுக்க மனசு வரல. முதுகுக்குத் தலகாணி வெச்சுத்தான் ஓட்டினேன்," என்றாள் அவள், காருக்கு அடியிலிருந்து.

குழாயில் குமிழி நின்று ஆயில் தெளிவாக வந்தது. பெடல் கல்லுபோல் நின்றது. சக்கரத்தை மாட்டி, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருவை நாலு சுற்று சுற்றினாள். இழுக்கவில்லை. இறங்கிச் சக்கரத்தில் கை வைத்தாள். சூடில்லை.

அன்றே போனில் பேசிப் பதிவுசெய்து அவனுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அவன் குரலில் பதில் வந்தது. முதலில் சிரிப்பு, பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"நீயே பண்ணிட்டியா? அப்ப நான் வந்து என்ன செய்யறது?"

அவள் அதை மூன்று தரம் கேட்டாள். பிறகு போனை வாயருகே வைத்துச் சொன்னாள்: "ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா வாங்க. வந்து பக்கத்துல உக்காருங்க, போதும்."

அனுப்பியதன் ஓரத்தில் ஒற்றை டிக் மட்டும் விழுந்தது; அவனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கப்பல் மறுபடி நடுக்கடலுக்குப் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செய்துவைத்த பல் செட்டுகளை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினாள்.