நீலமாகும் வரை

வேலிக்கு அந்தப் பக்கம் சிறீகாந்தன் ஒரு சின்னக் கருவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தபோது, லோஷினிக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோழிமுட்டை மாதிரி வழவழவென்று இருந்தது அது. சிங்கப்பூரிலிருந்து நண்பன் ஒருவன் வாங்கி வந்து கொடுத்தானாம்.

"பட்டனை அமுக்கினா நம்பரே வந்துடும். கலர் பாக்கத் தேவையே இல்ல. இனிமே சனிக்கிழமையானா உங்களை இழுக்க வேணாம்."

"நல்லதாப் போச்சு, லாயர் சார்," என்றாள் லோஷினி.

நல்லதாகப் போகவில்லை என்பது வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சிம்பாங் ரெங்கத்தின் அந்தத் தாமான் குடியிருப்பில் இரண்டு பேர் வீடும் ஒட்டினாற்போல இருந்தன. நடுவில் இடுப்பளவுக் கம்பிவேலி. லோஷினிக்கு முப்பத்திரண்டு வயது. பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளர். அம்மா ராசம்மாவோடு இருந்தாள். சிறீகாந்தன் குளுவாங்கில் வக்கீல். தனி ஆள். அவன் வீட்டு ஹாலில் சுவரோரமாக ஒரு பெரிய கடல்நீர்த் தொட்டி இருந்தது. அதற்குள் உயிருள்ள பவளங்கள், கூடவே சில மீன்கள்.

அவன் குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம், சுண்டுவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு வேலியருகே வந்தான்.

"மிஸ், ஒரு சின்ன உதவி. இது இன்னும் ரோஸா, இல்ல நீலமாயிடுச்சா?"

"விளையாடுறீங்களா?"

"இல்ல. எனக்குத் தெரியாது. பொறந்ததுலேருந்தே கலர் சரியாத் தெரியாது. இது எனக்கு ரெண்டுமே சாம்பல்தான்."

வெட்கப்படாமலும் அனுதாபம் கேட்காமலும் கடைக்காரரிடம் விலை கேட்பது போல அவன் அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. வேலியைச் சுற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள்.

பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும் உயிர் என்று அவன்தான் சொன்னான். அதற்கு வேண்டிய கால்சியத்தைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்ச உறிஞ்ச நாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் வளர்ச்சி நின்று போகும். கூட்டிவிட்டாலோ தண்ணீர் வெள்ளையாகத் திரண்டு, கால்சியம் மாவாக அடியில் படிந்துவிடும். அதனால் வாராவாரம் அளக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் மருந்து கலந்தால் ரோஜா நிறம் வரும். பிறகு வேறொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், ஏதோ ஒரு சொட்டில் அது நீலமாக மாறும். எவ்வளவு மருந்து செலவாகியிருக்கிறதோ அதை வைத்துக் கணக்கு.

அவன் சொட்டு விடுவான். அவள் குழாயைப் பார்ப்பாள். நீலம் வந்ததும் "ஆச்சு" என்பாள். நீலம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சில சமயம் வேண்டுமென்றே ஒரு நொடி தாமதிப்பாள். அவன் சொட்டு விடும் ஊசியில்லாத சிரிஞ்சைப் பிடித்தபடி, மூச்சைக்கூட விடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த ஒரு நொடிக்காகவே வாரம் முழுவதும் காத்திருக்கலாம் போலிருக்கும்.

"கலரே தெரியாம எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி பவளம் வளக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அசையறது தெரியுதே," என்றான். "காத்தே இல்லாத வீட்டுல எல்லாம் ஆடிக்கிட்டிருக்கு பாருங்க."

இப்போது நிறம் பார்க்கவும் ஒரு கருவி வந்துவிட்டது.

சனிக்கிழமைகள் நீளமாகிப் போயின. லோஷினி அலமாரியைச் சுத்தம் செய்தாள். திரைச்சீலையைத் துவைத்தாள். துவைத்த திரைச்சீலையையே மறுபடியும் துவைத்தாள்.

"என்னடி, லாயர் வீட்டு மீனுக்கெல்லாம் பரீட்சை முடிஞ்சு போச்சா?" என்றாள் ராசம்மா.

"மெஷின் வாங்கிட்டாரும்மா."

"மெஷினா? அந்த மெஷினு உன்ன மாதிரி அங்கேயே உக்காந்து ஊர்க் கதையெல்லாம் பேசுமா?" சிரித்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்து ராசம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். "விடு லா. அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. தாத்தா காலத்துலேருந்தே கவர்மெண்டு உத்தியோகம். நாம ரெங்கம் எஸ்டேட்டுலேருந்து வந்தவங்க. பாத்தோமா, பேசினோமான்னு இருந்துக்க."

"நான் என்ன சொன்னேன் இப்ப?"

"நீ ஒண்ணும் சொல்லல. திரைச்சீலைதான் சொல்லுது."

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அவளுடைய கைப்பேசிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. நில வழக்கு ஒன்றுக்காகக் கோத்தா திங்கிக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். 'ரோட்டுல தண்ணி ஏறிடுச்சு. இன்னிக்கு வர முடியாது. ஆன்ட்டிகிட்ட சாவி இருக்கு. மீனுக்குத் தீனி போட முடியுமா? தொந்தரவுக்கு சாரி.'

தொந்தரவு என்ற வார்த்தையை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு அவள் அம்மாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

தொட்டியருகே போனதும் தீனி டப்பாவைத் திறக்க மறந்து நின்றுவிட்டாள். பாறைகளின் மேல் கருஊதாவாகப் பூசினாற்போலப் படர்ந்திருந்த மேலோடு, திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தது. கிளைப் பவளங்களின் நுனியில் புதிதாக வளர்ந்ததற்கு அடையாளமே இல்லை. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சுற்றிக்கொண்டிருந்தன. நாளெல்லாம் நோயாளிகளின் பல்லோடு செயற்கைப் பல்லை ஒப்பிட்டு, இந்த வெள்ளையா அந்த வெள்ளையா என்று தேர்ந்தெடுப்பவள் அவள். இது நல்ல வெள்ளை இல்லை என்று அவளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். அவனுக்குத்தான் இது தெரிந்திருக்காது. கருஊதாவும் சாம்பல், வெளுத்ததும் சாம்பல்.

பழைய மருந்துப் பெட்டி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. தனியாகவே தண்ணீர் எடுத்தாள், மருந்து கலந்தாள், ஒரு கையால் குழாயைச் சுழற்றி மறுகையால் சொட்டு விட்டாள். வழக்கமாக எதிர்பார்க்கும் இடத்துக்கு வெகு முன்பே நீலம் வந்துவிட்டது.

"ஆச்சு," என்றாள் வெறும் வீட்டில். கேட்க ஆள் இல்லாமல் அந்தச் சொல் அசட்டுத்தனமாக இருந்தது.

கால்சியம் நானூற்றிருபது இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்றிருபதுதான் இருந்தது. உடனே அவனை அழைத்தாள்.

"முந்நூத்தி இருபதா? மெஷின் நானூத்தி அறுபது காட்டுச்சே! கூடிப்போச்சேன்னுதான் ஊத்துறதையே நிறுத்தி வச்சேன்."

கருவிக்குப் பக்கத்தில் பாதி காலியான ஒரு தண்ணீர் போத்தல் இருந்தது. லோஷினி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மெஷினுக்கு இந்தத் தண்ணியிலதான் கலக்குறீங்களா?"

"ஆமா. தொட்டித் தண்ணியில ஒரே ஒரு துளி, மிச்சமெல்லாம் எந்தச் சத்தும் இல்லாத தண்ணியா இருக்கணும்னு போட்டிருந்தான். அதான் மினரல் வாட்டர் எடுக்காம, வெள்ளை மூடி போத்தலாப் பாத்து வாங்கினேன்."

அவள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து மூடியைப் பார்த்தாள். கடையில் மினரல் தண்ணீருக்கு நிற மூடி, வடிகட்டிய குடிநீருக்கு வெள்ளை மூடி என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"லாயர் சார்," என்றாள் மெதுவாக, "இது வெள்ளை மூடி இல்ல. வெளிர் பச்சை."

போத்தலைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

"இதுலயே கால்சியம் இருக்கு. எங்க கிளினிக்குல பல் கருவிகளை ஆவியில வேகவைக்கிற பெட்டியில யாரோ தெரியாம இதை ஊத்தி, உள்ள பூரா வெள்ளை வெள்ளையாப் படிஞ்சு, டாக்டர்கிட்ட நாங்க எல்லாரும் திட்டு வாங்கினோம். நீங்க இத்தனை நாளா தொட்டிய அளக்கல. போத்தலைத்தான் அளந்திருக்கீங்க."

"அலமாக்!" என்றான் அவன். பிறகு தன்னையே நினைத்துச் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. "ரொம்ப மோசமா இருக்கா?"

"பாறை வெளுத்திருக்கு. பவளம் உயிரோடதான் இருக்கு. இப்பவே நல்லா ஊத்திடட்டுமா?"

"ஐயோ வேணாம்! ஒரே நாள்ல ஏத்தினா எல்லாம் திரண்டு மாவாயிடும். இடது பக்கத்துக் கால்சியம் போத்தல்லேருந்து ஒரு மூடி மட்டும். பம்ப் தண்ணி அடிக்கிற இடத்துல, மெதுவா. நாளைக்குப் பாத்து இன்னும் கொஞ்சம். அப்படித்தான் ஏத்தணும்."

அவன் சொன்னபடியே ஊற்றினாள். மூடியைத் திருகும்போது, கேட்கக்கூடாது என்று இத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"எதுக்கு அந்த மெஷினை வாங்கினீங்க? நான் எப்பவாவது தப்பா சொல்லியிருக்கேனா?"

"இல்ல," என்றான். "நேர்ல வந்து சொல்றேன்."

அடுத்த நாள் மதியத்துக்கு மேல், சேறு காய்ந்த கால்சட்டையோடு அவன் வந்து இறங்கினான். காரிலிருந்து இறங்கியவன் தன் வீட்டுப் பூட்டைத் திறப்பதற்கு முன் வேலியருகேதான் வந்தான்.

"லோஷினி, அளந்து பாத்துடலாமா?"

ராசம்மா வாசலில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த துண்டையே மறுபடியும் கொடியில் போட்டுவிட்டு மெதுவாக எடுத்தாள்.

தொட்டியின் எதிரே வழக்கமான இடங்களில் நின்றார்கள். அவன் மருந்தைக் கலந்தான். குழாயில் ரோஜா நிறம் வந்தது. அவள் தலையாட்டினாள். அவன் முதல் சொட்டை விட்டான்.

"சிரம்பான்ல எங்க அம்மா," என்று ஆரம்பித்தான். "செல்லப்பாக்கியம் அம்மையார். உங்களப் பத்தி அவங்ககிட்ட நிறைய சொல்லியிருக்கேன். வாராவாரம் வந்து கலர் பாத்துச் சொல்றீங்கன்னு. அன்னிக்கு போன்ல சொன்னாங்க." தாயின் யாழ்ப்பாணப் பேச்சைப் போலவே குரலை மாற்றிக்கொண்டான். "'உனக்கு நிறம் பாக்க ஒரு ஆள் வேணும்தானே, பேசாமல் அந்தப் பிள்ளையையே கலியாணம் கட்டன்.'"

லோஷினி குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. அம்மா விளையாட்டாத்தான் சொன்னாங்க. ஆனா நான் உங்ககிட்ட கேட்டா நீங்களும் அப்படித்தானே நினைப்பீங்க? கண்ணு தெரியாதவன், அதுக்கு ஒரு ஆள் தேடுறான்னு." இன்னொரு சொட்டு. "அதான் முதல்ல மெஷினை வாங்கிடலாம், உங்க கண்ணு எனக்குத் தேவையில்லன்னு ஆனப்புறம் கேக்கலாம்னு நினைச்சேன். அந்த மெஷினுக்கே உங்க கண்ணு தேவைப்படும்னு யாரு கண்டா?"

"கேக்கலாம்னா? என்ன கேக்கலாம்னு?"

"என்னைக் கட்டிக்கிறீங்களான்னு."

ஒரு சொட்டு குழாய்க்கு வெளியே விழுந்தது.

"சொட்டைச் சிந்தாதீங்க," என்றாள் அவள். "அளவு தப்பிடும்."

"பதில் சொல்ல மாட்டீங்களா?"

"வேலை முடியட்டும்."

அவன் சொட்டு விட்டான். அவள் குழாயைச் சுழற்றினாள். இத்தனை வாரமும் இவர் ஒரு மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாரா என்று நினைக்கையில் அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் ஒரு பக்கம் துவைத்த திரைச்சீலையைத் துவைத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் இவர் போத்தலை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

"கண்ணுக்காகவும் கேக்கலாம்," என்றாள். "அதுல என்ன குறைச்சல்? எனக்குந்தான் சனிக்கிழமைக்கு ஒரு வீடு தேவைப்பட்டுச்சு."

ரோஜா நிறம் ஊதாவாயிற்று. ஊதாவுக்குள் எங்கோ ஒரு ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு சொட்டு. அது கலைந்து, குழாய் முழுக்க, பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் பினாஃபோர் சீருடை மாதிரித் தெளிவான நீலம்.

லோஷினி வாய் திறக்கவில்லை. ஒரு நொடி. இன்னும் ஒரு நொடி. அவன் சிரிஞ்சைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆச்சு," என்றாள்.

"எது? இதுவா, அதுவா?"

"ரெண்டும்தான்."

அவன் சிரிஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முந்நூற்று நாற்பது என்று அவள்தான் கணக்குப் பார்த்துச் சொன்னாள். இன்னும் ஏற வேண்டியது நிறைய இருந்தது. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

"அப்ப தினமும் அளக்கணுமே," என்றான்.

"தினமும் வரேன். வந்து பச்சை மூடி வாங்காம பாத்துக்கிறேன்."

"அலமாக், சத்தமாப் பேசுங்க லா!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராசம்மாவின் குரல் வந்தது. "துணியெல்லாம் எடுத்து முடிச்சாச்சு, இன்னும் எவ்வளவு நேரம்தான் நான் இங்கேயே நிக்கிறது?"