கீழே நிற்பவரின் கை

கேள்வியை அவள் இரண்டாவது முறையாகப் படித்தாள். ட்ரோனை இயக்குபவரும் உடன் நிற்கும் பார்வையாளரும் வெவ்வேறு முடிவு சொன்னால், இறுதிப் பொறுப்பு யாருடையது? மூன்று விடைகளையும் வாசித்துவிட்டு, முதலில் சொன்னதையே திரும்பவும் சொன்னாள்.

"இயக்குபவருடையது."

பதில் வரவில்லை. கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். கணவரின் கை ஆஸ்பத்திரிக் கட்டிலின் விரிப்பின்மேல் கிடந்தது. சற்று முன்புதான் அந்தக் கை, உள்ளங்கையைக் கவிழ்த்து இடமும் வலமுமாக அசைந்திருந்தது. தப்பு என்று அர்த்தம். அவள் சிரித்துக்கொண்டே, "இன்னிக்குமா? விடவே மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து மறுபடியும் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

இப்போது கண்கள் பாதி திறந்திருந்தன. தொண்டையில் வைத்திருந்த குழாயின் வாயில் காற்றுச் சத்தம் இல்லை. இத்தனை மாதங்களாக அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கி எழுந்திருக்கிறாள்.

நர்ஸ் வந்தாள், பின்னாலேயே டாக்டர் வந்தார். அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். வெளியே ஒரு நீல நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தாள். கைபேசித் திரையில் அந்தக் கேள்வி இன்னும் வெளிச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்தது.

*

கணவருடைய பெயரை வேலையிடத்தில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'சிக்னல்'. உயரக் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது. தரையில் நின்று கையைக் காட்டுகிறவர்தான் அவருக்குக் கண். விரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம் போட்டால் ஏற்று. கீழே நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து இடமும் வலமுமாக அசைத்தால் நிறுத்து. இரண்டு கையையும் வயிற்றின் முன் கோத்துக்கொண்டால், எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடு, மறு உத்தரவு வரும்வரை ஒன்றையும் தொடாதே.

வீட்டிலும் அதே சைகைகள்தான். தட்டில் சோறு கூடுதலாக விழும்போது நிறுத்து வரும். மகளுக்கும் அவளுக்கும் சண்டை முற்றினால், கூடத்தின் நடுவில் போய்க் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார். அந்தக் கோலத்தைப் பார்த்து யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள். அதோடு சண்டை முடியும்.

தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்த பிறகு, வீட்டில் யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. "பேச்சு போனா என்ன, என் தம்பி எப்பவும் கையாலதானே பேசுவான்," என்றாள் அவருடைய அக்கா. சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

பரீட்சை அவளுடையது. சூரியத் தகடுகள் பரப்பிய வெளியில், வரிசை வரிசையாக நடந்து, கையடக்கக் கருவியைக் காட்டிச் சூடேறிய தகடுகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. இனி அதை மேலிருந்தே பார்த்துவிடுவார்கள். ட்ரோன் பறக்கவிடும் அடிப்படைத் தேர்வில் தேறியவர்களை வைத்துக்கொள்வோம், மற்றவர்களுக்கு வேறு இடம் பார்க்கிறோம் என்றார் சூப்பர்வைசர். வேறு இடம் என்பது எதுவுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கணவர் வேலைக்குப் போகாமலான வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் இருந்தது.

மாலை வேளைகளில் அவள் வாசிப்பாள், அவர் கேட்பார். விடை சரியென்றால் ஏற்று, தப்பென்றால் நிறுத்து. காற்றின் வேகம், மின்கலத்தின் சூடு, ஆட்கள் தலைக்கு மேல் பறக்கக் கூடாது, ட்ரோனை எப்போதும் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டுக் கேட்டே அவருக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அந்த ஒரு கேள்வியில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. கீழே நிற்பவன் சொல்வதுதான் முடிவு, மேலே இருப்பவனுக்கு என்ன தெரியும் என்பது அவர் கட்சி. புத்தகத்தைக் காட்டினாலும் நிறுத்துதான். முதல் தடவை பரீட்சைக்குப் போனபோது அந்தக் கேள்வி வந்தது. அவள் அவரை நினைத்துக்கொண்டே பார்வையாளர் என்று குறித்தாள். ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. வீட்டுக்கு வந்து, "உங்களாலதான்," என்றாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு.

குரல் இருந்த காலத்தில் அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. ஏற்று, இறக்கு எல்லாம் ஒரே ஆள் சொல்லித்தான் கேட்கணும். ஆனா நிறுத்துன்னு யார் கை காட்டினாலும் நிறுத்திடணும். எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்.

நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது ஞாபகம் வந்தது. எழுந்து நின்றாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் உட்கார்ந்துகொண்டாள்.

*

நாத்தனார் வந்து சேர்ந்தபோது, வார்டு ஆள் உடம்பைத் துடைத்து முடித்திருந்தார். மெதுவாக வேலை செய்கிற, நரைத்த மனிதர். கணவரின் இரண்டு கைகளையும் எடுத்து வயிற்றின்மேல் கோத்து வைத்து, கட்டுவதற்கு ஒரு துணிப் பட்டையை எடுத்தார்.

"அப்படி வேண்டாம்," என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லோருக்கும் இப்படித்தான் வைப்பது, பார்க்க நன்றாக இருக்கும் என்றார். அவள் கட்டிலருகே போய், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இன்னும் விறைக்கவில்லை. ஒரு கையை இந்தப் பக்கம் வைத்தாள். சுற்றிப் போய் மற்றதை அந்தப் பக்கம் வைத்தாள். கிரேனின் கம்பிக் கயிறு எப்போதோ கிழித்த தழும்பு, கட்டைவிரலின் அடியில் வெள்ளையாகத் தெரிந்தது.

வார்டு ஆள் துணிப் பட்டையைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாத்தனார் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சைகை அவளுக்கும் தெரியும்.

மகளிடம் பேசியாயிற்று. வெளியூரில் வேலை. அவள் வந்து சேர நாளைக் காலையாகிவிடும், அதற்குப் பிறகுதான் எடுக்க முடியும். அதுவரை வீட்டில் குளிர்பெட்டியில் வைப்பதென்று முடிவானது. நாத்தனார்தான் எல்லா இடத்துக்கும் பேசினாள். சூப்பர்வைசரும் கூப்பிட்டிருந்தார். வருத்தம் சொன்னார். கொஞ்சம் இழுத்துவிட்டு, இன்றைய தேர்வுப் பட்டியலை மாற்ற முடியுமா என்று மேலே கேட்டுப் பார்த்ததாகவும், முடியாது என்றுவிட்டார்கள் என்றும் சொன்னார். தன் கையில் எதுவும் இல்லை என்று மூன்று முறை சொன்னார்.

காகிதங்களுக்காக இருவரும் நடைவழியில் காத்திருந்தார்கள். எதிரே சுவரில் யாரோ சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"மூணுக்கு."

"போகப் போறியா?"

சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு கடந்து போனது. அது திருப்பத்தில் மறைந்த பிறகும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு ஒரு நாள் அவன் பக்கத்துல உக்காரக் கூடாதா?" குரலில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "நாளைக்கு யாரு என்ன கேட்டாலும் நான்தான பதில் சொல்லணும்?"

"அக்கா, அவரு கடைசியா கை காட்டினாரு. நிறுத்துன்னு." அவள் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் தப்புன்னு சொல்றாருன்னு நெனச்சேன். அந்தக் கேள்விதான் படிச்சிட்டிருந்தேன். குனிஞ்சு மறுபடியும் படிச்சேன்."

உள்ளே யாரோ ஒரு பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர்களுடையது இல்லை.

"அவன் பிடிவாதக்காரன்," என்றாள் நாத்தனார் கடைசியில். "சாகும்போதும் உன் விடை தப்புன்னுதான் சொல்லியிருப்பான்."

அதை அவளுக்காகச் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"போயிட்டு வந்துடறேன்," என்றாள் அவள்.

அனுமதி கேட்கிற தொனியில் அதைச் சொல்லவில்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நாத்தனார் தலையைக் குனிந்தாள். பார்வை தம்பி மனைவியின் கால்களில் நின்றது. விடிகாலை அவசரத்தில், குளியலறையில் போடும் ரப்பர் செருப்போடு வந்திருந்தாள். நாத்தனார் தன் செருப்பைக் கழற்றிக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"இதைப் போட்டுக்க. வழுக்கி விழுந்து வைக்காத." பிறகு, "பேசறவங்க பேசட்டும். வாய் எல்லாருக்கும்தான் இருக்கு. என் தம்பிக்குத்தான் இல்லாமப் போச்சு."

*

செருப்பு ஒரு அளவு பெரிது. தேர்வு மையத்தின் படிகளில் அது பின்னால் தட்டிக்கொண்டே வந்தது. வாசலில் இருந்த பெண் அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். தூக்கமில்லை என்றாள் அவள். அது பொய்யில்லை.

கணினிகளுக்கு நடுவே பலகைத் தடுப்புகள். பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கேள்விகள் வந்தன. எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் படிக்கும்போதே கண்ணின் ஓரத்தில் ஒரு விரல் மேல்நோக்கி வட்டம் போட்டது. காற்றின் வேகம், ஏற்று. மின்கலம், ஏற்று. பறக்கும்போது பார்வையை எதன்மேல் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியில் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு குறித்தாள்.

அந்தக் கேள்வி கடைசிப் பக்கத்தில் இருந்தது. சொற்களைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். கேள்வி அதுதான்.

மவுஸை நகர்த்திய கை பாதியில் நின்றது. கண்ணின் ஓரத்தில் உள்ளங்கை கவிழ்ந்து அசைந்தது. அவள் அவசரப்படவில்லை. அது அசைந்து ஓயட்டும் என்று காத்திருந்தாள். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து இளைஞன் முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்து போனான். குளிர்சாதனம் ஒருமுறை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

இயக்குபவர் என்பதன் எதிரே இருந்த வட்டத்தை அழுத்தினாள்.

முடிவு அங்கேயே திரையில் வந்தது. வாசலில் இருந்த பெண் வாழ்த்துச் சொன்னாள். அவள் நன்றி சொன்னாள். படிகளில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

*

வீட்டில் கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் போட்டிருந்தார்கள். அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவருடன் வேலை செய்தவர்கள் சிலர் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார்கள். கிரேன் ஓட்டுநர் தனியாகக் கதவோரம் நின்றார். ஒரு பக்கத்து வீட்டுக்காரி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள்.

நாத்தனார் பெட்டியின் தலைமாட்டில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் உட்கார்ந்தாள். கை மடியில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதன் சுட்டுவிரல் மட்டும் நிமிர்ந்து, சின்னதாக ஒரு வட்டம் போட்டது. நாத்தனார் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கதவோரம் கிரேன் ஓட்டுநர் கண்ணைத் துடைத்தார்.

பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. முகம் இருந்த இடத்தை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். பக்கவாட்டில், கை இருந்த இடம் மங்கலாகக் கிடந்தது. அவள் உள்ளங்கையைக் கவிழ்த்து, இடமும் வலமுமாகத் துடைத்தாள். கை தெரிந்தது. சற்றைக்கெல்லாம் மறுபடியும் ஈரம் படிந்தது. மறுபடியும் துடைத்தாள்.